இரவில் பார்த்த ஊர்கள்: பாங்காக், சிங்கப்பூர், கல்கத்தா, அப்புறம் நம் ரங்கூன்

மொகல்தெரு
சனி, இரவு 8:50

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் படங்களைப் போட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்று மின்சாரம் சீக்கிரம் வந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வருடத்தில் மூன்று ஊர் பார்த்தேன். கடைக்குச் சரக்கு எடுக்க இரண்டு தடவை பாங்காக். தங்கச்சி பிரசவத்துக்குச் சிங்கப்பூர். அப்பாவுக்குப் பிண்டம் போடக் கயா போனபோது வழியில் நான்கு நாள் கல்கத்தா. எங்கே போனாலும் பகல் முழுக்க வேலை. எனக்கென்று கிடைத்தது இரவுதான், அதனால் படங்களும் இரவுப் படங்களாகவே அமைந்துவிட்டன.

படம் 1: பாங்காக், வாட் அருண் என்கிற புத்தர் கோயில். ஆற்றுக்கு இந்தப் பக்கம், தா தியன் படித்துறை அருகே நின்று எடுத்தது. சூரியன் இறங்கி இருபது நிமிடம் இருக்கும். வானம் இன்னும் முழுதாகக் கறுக்கவில்லை, மை நீலத்தில் நிற்கிறது. பகலில் கிட்டே போனால் கோபுரம் முழுக்கப் பீங்கான் சில்லு பதித்திருப்பது தெரியும். சீனக் கப்பல்களில் எடைக்காக அடியில் ஏற்றி வந்த பீங்கான் என்று அங்கே சொல்வார்கள். இரவில் அக்கரையிலிருந்து பார்த்தால் சில்லும் பூவும் எல்லாம் கரைந்து ஒரே பொன்னாக நிற்கிறது.

படம் 2: யாவரத், அங்குள்ள சீனத் தெரு. தலைக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகச் சீன எழுத்துப் பலகைகள், கீழே வாணலியிலிருந்து எழும் புகை. அந்தப் புகையில் விளக்கு நிறம் ஏறுகிற அழகுக்காகவே ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றேன். நம் ரங்கூன் 19-ஆம் தெருவில் இறைச்சி சுடுகிற கடைகளுக்கு நடுவே நின்ற மாதிரிதான் இருந்தது, ஆனால் பத்து மடங்கு பெரியது.

படம் 3: சீலோம் மாரியம்மன் கோயில். இரண்டாவது தடவை போனது நவராத்திரி முடிகிற சமயம். தமிழர்கள் 1879-இல் கட்டிய கோயில் அது, தாய்லாந்துக்காரர்கள் வாட் கேக் என்கிறார்கள். விஜயதசமி இரவு சீலோம் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு அம்மன் ஊர்வலம் வருகிறது. வழி நெடுகத் தாய்லாந்துக்காரர்களே மேசை போட்டுச் சாமந்தி, தேங்காய், வாழைப்பழம் பரப்பி, விளக்கேற்றிக் காத்திருக்கிறார்கள். பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள், முன்னால் அகல் விளக்கு. படத்தில் வலது ஓரம் இருக்கிற பாட்டிக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது, கை கூப்பி அழுதுகொண்டிருந்தார்.

படம் 4: சிங்கப்பூர், கார்டன்ஸ் பை த பே. 25 முதல் 50 மீட்டர் உயரம் வரை இரும்பு மரங்கள். இரவு 7:45-க்கும் 8:45-க்கும் பாட்டோடு விளக்கு ஆடும். தரையில் மல்லாந்து படுத்து எடுத்தேன்.

படம் 5: ஹௌரா பாலம், மல்லிக் காட் பூச்சந்தைப் பக்கத்திலிருந்து. 1943-இல் திறந்த பாலம். அந்த இரும்புக் கூட்டில் ஊதா விளக்கும் மஞ்சள் விளக்கும் விழுகிறது, அடியில் தலையில் சாமந்திக் கூடையோடு ஆட்கள் ஓடுகிறார்கள். கல்கத்தாவில் நடக்கும்போது பல இடத்தில் நம் ரங்கூன் பன்சோடான் சாலையில் நடக்கிற நினைப்பே வந்தது. அதே தூண்கள், அதே பாசி பிடித்த சுவர், அதே மரச் சன்னல்.

படம் 6: எங்கள் தெரு. போன வாரம் மின்சாரம் போன ஒன்பது மணிக்கு. வெற்றிலைக் கடையில் சார்ஜ் விளக்கு ஒன்று. அந்த வெளிச்சத்தில் சுண்ணாம்பு தடவுகிற ஒரு கை, பக்கத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு குழந்தையின் கன்னம். மற்றதெல்லாம் கறுப்பு. மேலே உற்றுப் பார்த்தால் நான்காம் மாடியிலிருந்து சாமான் இழுக்கத் தொங்குகிற கயிறும் அதன் நுனியில் கிளிப்பும் தெரியும்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறேன், திரும்பத் திரும்ப நான் திறந்து பார்ப்பது ஆறாவது படத்தைத்தான். எனக்குத் தோன்றுவது இது: ஒரு ஊரின் இரவை அதிக விளக்கு எரிகிற இடத்தில் பார்க்க முடியாது. வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற ஓரத்தில்தான் அது இருக்கிறது. சிங்கப்பூரில் அந்த ஓரத்தைத் தேடி நடக்க வேண்டியிருந்தது. இங்கே வாசலிலேயே கிடைக்கிறது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது? உங்கள் படங்களையும் போடுங்கள்.

மண்டலைத் தம்பி
சனி, இரவு 9:15

அண்ணே, மூன்றாவது படம் அருமை. அந்தப் பாட்டி முகத்தை விட்டுக் கண் நகரவில்லை.

என் படம் ஒன்று போடுகிறேன். மண்டலை அரண்மனை அகழி, தென்கிழக்கு மூலை. ஷட்டரைப் பதினைந்து நொடி திறந்து வைத்து எடுத்தது. ரங்கூனில் 2003-இலிருந்தே மோட்டார் சைக்கிளுக்குத் தடை, அதனால் உங்கள் படங்களில் ஓடுகிற வெளிச்சக் கோடுகள் பஸ்ஸும் டாக்சியும் போட்டவை, தடிப்பாக, நேராக இருக்கும். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள்தான் எல்லாம். கோடுகள் மெலிசாக, வளைந்து நெளிந்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து போகும். அகழித் தண்ணீரில் மதில் விளக்கு அசையாமல் நிற்க, ரோட்டில் இது ஓடுவதைப் பாருங்கள். மண்டலைக்கு வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

சிராங்கூன் வாசி
சனி, இரவு 10:05 (சிங்கப்பூர் நேரம் 11:35)

தம்பி மொகல்தெரு, சிங்கப்பூரைப் பற்றிச் சொன்னதை நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன். பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். முதல் ஆறு வருடம் கப்பல் பட்டறையில் வேலை. இரவு வேலை முடிந்து லாரியின் பின்னால் உட்கார்ந்து விடுதிக்குத் திரும்புவோம். நெடுஞ்சாலை வளைவில் ஒரு நிமிடம் மெரினா பே முழுக்கத் தெரியும், மூன்று கோபுரமும் மேலே அந்தக் கப்பல் மாதிரித் தளமும். லாரியில் இருபது பேர், யாரும் பேச மாட்டோம். வங்காளப் பையன்கள், நம் மன்னார்குடிப் பையன்கள், நான் ஒருவன் பர்மாக்காரன். கையில் கேமரா இல்லை, இருந்தாலும் லாரி குலுங்குகிற குலுங்கலில் எடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த ஒரு நிமிடம்தான் எனக்குச் சிங்கப்பூர் இரவு. விளக்கு நிறைய இருந்தது என்பதால் அது குறைந்துபோகவில்லை.

அப்புறம், ஓரம் தேட வேண்டும் என்றால் இங்கேயும் இருக்கிறது. சிராங்கூன் சாலையில் தீபாவளிக்குப் போடுகிற அலங்கார வளைவைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அதற்குப் பின்னால் உள்ள சந்துக்குள் போங்கள். பாத்திரம் கழுவுகிறவர்கள் பெட்டி மேல் உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார்கள். கைபேசி வெளிச்சம் மட்டும் முகத்தில். ஞாயிறு இரவு பெனின்சுலா பிளாசாவுக்குப் போங்கள், மாடிப்படி முழுக்க நம் ஊர்ப் பிள்ளைகள், மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாசம், பணம் அனுப்புகிற கடை வெளிச்சம். ரங்கூனே அங்கே இருக்கிறது.

படம் இணைத்திருக்கிறேன். சந்துப் படம். முகம் தெரியாத மாதிரி முதுகுப் பக்கம் எடுத்தது, அவரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

மொகல்தெரு
சனி, இரவு 10:20

அண்ணே, இந்த ஒரு நிமிடத்தை நீங்கள் எழுதியதே எனக்குப் படமாகத் தெரிகிறது. சிங்கப்பூரைப் பற்றி நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். பத்து நாள் இருந்தவன் பதினோரு வருடம் இருப்பவரிடம் வாதாட முடியாது. சந்துப் படத்தை என் ஆறாவது படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அண்ணன் தம்பி போல இருக்கிறது.

மோல்மேன் அக்கா
ஞாயிறு, காலை 6:30

படங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன தம்பி. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

மின்சாரம் போன இரவை அழகு என்று சொல்ல எனக்கு வரவில்லை. என் சின்ன மகன் பரீட்சைக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் படித்தான். கண் எரிகிறது என்று பன்னிரண்டு மணிக்கு வந்து மடியில் தலை வைத்துப் படுத்தான். என் மாமியார் மூச்சு இழுப்புக்குப் போடுகிற மெஷின் நின்றுவிட்டால் பக்கத்து வீட்டு ஜெனரேட்டருக்குக் கம்பி இழுப்போம். அந்த இருட்டு எனக்கு அந்தக் கம்பிதான். வெளியூர்க்காரன் வந்து அந்தத் தெருவைப் படம் எடுத்து "எவ்வளவு அழகான இருட்டு" என்று போட்டால் எனக்குக் கோபம் வரும். நீ எங்கள் பிள்ளை, அதனால் கோபம் வரவில்லை, ஆனால் வலிக்கிறது.

பாங்காக்கில், சிங்கப்பூரில் வெளிச்சம் இருக்கிறது என்றால் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள், பெண்கள் பயமில்லாமல் வீடு திரும்புகிறார்கள் என்றுதான் எனக்குப் படும். அந்த வெளிச்சத்தைக் குறைத்துப் பேச வேண்டாம்.

மொகல்தெரு
ஞாயிறு, காலை 7:45

அக்கா, இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் ஒன்றும் எழுத வரவில்லை.

நீங்கள் சொன்னது சரி. எங்கள் வீட்டிலும் அதே கதைதான், குளிர்ப்பெட்டியில் வைத்த அம்மாவின் இன்சுலினுக்கு ஐஸ் தேடி ஓடியிருக்கிறேன். மின்சாரம் போவது அழகு என்று சொல்ல நான் வரவில்லை. அது போன பிறகும் கடை நடத்துகிற அந்தக் கையைத்தான் எடுத்தேன். வெளிச்சம் குறைவாக இருக்கும்போது எதற்கு அதைக் கொடுக்கிறோம் என்பது தெரிகிறது: ஒரு விளக்குதான் இருக்கிறது, அது வெற்றிலைத் தட்டுக்கா, குழந்தையின் முகத்துக்கா? அந்த ஆள் விளக்கை இரண்டுக்கும் நடுவில் வைத்திருந்தார். அதனால்தான் அந்தப் படம் எனக்குப் பிடித்தது.

இருந்தாலும் படத்துக்கு அடியில் நான் எழுதியது இதைச் சொல்லவில்லை. மாற்றி எழுதிவிடுகிறேன். இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. மின்சாரம் திரும்பியதும் தெரு முழுக்க "மீ லா பீ!" (மின்சாரம் வந்துவிட்டது) என்று கத்துவார்களே, நாமும் சேர்ந்து கத்துவோமே, அந்த நொடியை நான் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எடுக்க வேண்டியது அதுதான்.

மோல்மேன் அக்கா
ஞாயிறு, காலை 8:10

அதை எடு. அதில் என் மகன் மாதிரி நூறு பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஸ்டூடியோக்காரர்
ஞாயிறு, பிற்பகல் 1:30

முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். படங்களைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், கைவேலை பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

தம்பியின் வாட் அருண் படம் நன்றாக வந்ததற்கு முக்கியக் காரணம் நேரம். முழு இருட்டில் எடுத்திருந்தால் கோபுரம் வெள்ளையாக வெந்துபோய், வானம் தார் பூசியது போல ஆகியிருக்கும். சூரியன் மறைந்த பிறகு வானத்து வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் ஒன்றுக்கொன்று சமமாக நிற்கிற சில நிமிடங்கள் உண்டு. நம் பக்கம் அந்தி சட்டென்று போய்விடும், இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. ரங்கூனில் டிசம்பரில் ஐந்தரை மணி சுமாருக்கே சூரியன் போய்விடும், ஜூன் ஜூலையில் ஆறே முக்கால் பக்கம் ஆகும். சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏழு மணியைச் சுற்றித்தான். ஐந்து மணிக்கே போய் இடம் பிடித்து நில்லுங்கள். விளக்கு எரிந்த பிறகு இடம் தேடினால் வானம் காத்திருக்காது.

நம் ரங்கூனின் பொற்கோபுரம் ஷ்வேடகோன் பகோடாவை எடுக்கிறவர்கள் செய்கிற தப்பு ஒன்று. 99 மீட்டர் உயரத்துக்குத் தங்கம், அத்தனை விளக்கு, சுற்றி இருட்டு. கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளிச்சமாக்கும், தங்கம் சுண்ணாம்பாகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடுகிற வெளிச்சத்தை, ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை குறையுங்கள். இருட்டாக வந்தாலும் பரவாயில்லை, நிழலைப் பிறகு தூக்கலாம், வெந்துபோன தங்கத்தைத் திருப்ப முடியாது. கண்டோஜி ஏரிக் கரையிலிருந்து எடுத்தால் தண்ணீரில் விழுகிற பிம்பம் உண்மையைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கும். அந்தப் பிம்பத்தைப் பார்த்து அளவு வைத்தால் மேலே இருக்கிற தங்கம் வெந்துபோகும், மேலே இருப்பதைப் பார்த்தே அளவு வையுங்கள்.

கடை விளக்கெல்லாம் இப்போது எல்.இ.டி. ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும். சின்ன ஜெனரேட்டரில் ஓடுகிற விளக்கு என்றால் இதுவும் சொன்னபடி கேட்காது, இரண்டு மூன்று வேகம் மாற்றி எடுத்துப் பாருங்கள். பழைய மஞ்சள் சோடியம் விளக்கு இருக்கிற தெருவில் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த விளக்கில் நீலமும் பச்சையும் எழவே எழாது, மஞ்சளை மஞ்சளாகவே விடுங்கள். என்னைக் கேட்டால் அந்த மஞ்சள்தான் ரங்கூனின் நிறம்.

சூலே பகோடாவைச் சுற்றி ஓடுகிற வண்டிகளை நடைபாலத்தின் மேலே நின்று எடுப்பவர்கள் படம் கலங்கியிருக்கிறது என்று என்னிடம் வருவார்கள். பாலம் ஆடுகிறது, அவ்வளவுதான். ஆள் நடக்கும்போதெல்லாம் ட்ரைபாடும் ஆடும். தூண் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே வைத்து, ஆள் நடமாட்டம் விட்ட நேரம் பார்த்து அழுத்துங்கள்.

உயரக் கட்டடத்தில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எடுக்கும்போது அறை விளக்கு கண்ணாடியில் விழுமே, அதற்குக் கறுப்புக் கைலியைவிட நல்ல சாதனம் எனக்குத் தெரியாது. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிக் கைலியைப் போர்த்திவிடுங்கள். பாங்காக்கில் 314 மீட்டர் மகாநாகோன் கட்டடத்தின் உள்தளத்தில் நான் அப்படித்தான் செய்தேன், பக்கத்தில் நின்ற ஜப்பானியர் ஒருவர் அந்தக் கைலியைக் கேட்டு வாங்கித் தானும் எடுத்தார்.

குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியே போய் எடுக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். பையை மூடியே இருபது நிமிடம் வெளிக்காற்றில் வைத்து, பிறகு திறங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். நம் ஊரில் காவல் நிற்கிற இடம், அரசாங்க அலுவலக வாசல், சீருடைக்காரர்கள் பக்கம் இரவில் கேமராவைத் திருப்பவே வேண்டாம். எந்தப் படமும் அதற்குப் பெறாது.

கமாயுட் மாணவி
ஞாயிறு, மாலை 4:00

ஐயா, என்னிடம் கேமரா இல்லை, கைபேசிதான். நான் எடுத்தால் ஷ்வேடகோன் மஞ்சள் உருண்டையாக வருகிறது. இன்னொரு கேள்வி அக்காமார்களுக்கு: தனியாக இரவில் போய் எடுக்க வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

ஸ்டூடியோக்காரர்
ஞாயிறு, மாலை 4:25

கைபேசி போதும் மகளே. திரையில் தங்கத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடி, பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதைக் கீழே இழு, கோபுரத்தின் வரிகள் தெரிகிற வரை. நைட் மோட் என்பது ஒரே படம் இல்லை, பல படங்களை எடுத்துச் சேர்க்கிறது, அதனால் அந்த மூன்று நான்கு நொடி கை ஆடக் கூடாது. தூணிலோ சுவரிலோ கைபேசியைச் சாய்த்து வை. கிளம்புமுன் லென்ஸைத் துணியால் துடை, நீ சொல்கிற மஞ்சள் உருண்டைக்குப் பாதிக் காரணம் விரல் ரேகை எண்ணெய்.

மோல்மேன் அக்கா
ஞாயிறு, மாலை 5:10

வீட்டில் சொல்வது நியாயம்தான் கண்ணு. தனியாகப் போகாதே, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஷ்வேடகோன் மேல்தளத்துக்கே போ. அந்தி நேரத்தில் அங்கே கூட்டம் இருக்கும், பயமில்லை. அவரவர் பிறந்த கிழமைக்கென்று உள்ள மூலையில் புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், விளக்கு வரிசை ஏற்றுகிற பெண்கள், எடுக்க அவ்வளவு இருக்கிறது. உச்சியில் இருக்கிற வைரத்தை 76 காரட் என்பார்கள். தளத்தில் சில இடங்களில் நின்று நிமிர்ந்தால் அது பச்சையாகத் தெரியும், ஓரடி நகர்ந்தால் சிவப்பு, இன்னும் நகர்ந்தால் மஞ்சள். அங்கே இருக்கிறவர்களைக் கேட்டால் இடத்தைக் காட்டுவார்கள். அது எந்தக் கேமராவிலும் வராது, கண்ணால் பார்த்துக்கொள்.

தசௌங்டைங் விளக்குத் திருவிழாப் பௌர்ணமிக்கு முதல் நாள் இரவு போனால் இன்னும் நல்லது. புத்தருக்குச் சாத்துகிற காவித் துணியை விடிவதற்குள் நெய்து முடிக்க வேண்டும் என்று பெண்கள் போட்டி போட்டு நெய்வார்கள். சில வருடம் நம் கார்த்திகை தீபமும் அதை ஒட்டியே வரும். தறிச் சத்தமும் விளக்கும் ஒரு பக்கம், வீட்டு வாசலில் அகல் ஒரு பக்கம். எனக்கு அதுதான் வருடத்திலேயே நல்ல இரவு.

மண்டலைத் தம்பி
ஞாயிறு, இரவு 7:00

ஒரு வருத்தம் சொல்கிறேன். பாங்காக்கில் மாலைப் படகுச் சவாரிக்குப் பணம் கட்டினேன். முன்பக்கத்தில் இடம், பாலமும் வாட் அருணும் தடையில்லாமல் தெரியும் என்றார்கள். ஏறினால் கீழ்த்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள், பாட்டுச் சத்தம் வேறு. ஒரு படமும் தேறவில்லை. மறுநாள் ஊர்க்காரர்கள் போகிற சாதாரணப் படகில் சில்லறைக் காசு கொடுத்து ஏறி, பின்புறம் நின்றே போனேன். ராமா 8 பாலத்தின் கம்பிகள் விசிறி போல எரிவது அதில்தான் கிடைத்தது. படம் இணைப்பில். நீங்கள் போனால் ஊர்க்காரர்கள் ஏறுகிற படகில் ஏறுங்கள்.

பழைய ரங்கூன்
ஞாயிறு, இரவு 9:30

பிள்ளைகளே, எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. பேரன் தட்டச்சு செய்து தருகிறான்.

1950-களில் நான் சின்னப் பையன். சூலே பகோடா சாலைப் பக்கம் இரவில் போனால் சினிமாக் கொட்டகை விளக்குகள் கண்ணைப் பறிக்கும். தமிழ்ப் படம் வந்தால் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போவார். படம் விட்டு வந்து அனோரதா சாலையில் (அப்போது பிரேசர் தெரு) காளி கோயில் வாசலில் சூடான சுண்டல். ரங்கூன் அப்போது வெளிச்சமான ஊர்தான். இன்றைய பிள்ளைகள் பாங்காக்கைப் பார்த்து வியக்கிறதைப் போல அன்று ரங்கூனைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வியந்தார்கள்.

1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்த மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டும் செல்லாது என்று ஆகிவிட்டது. அத்தை குடும்பம் கப்பல் ஏறியது. எனக்குப் பதினான்கு வயது. ஆற்றில் நீரேற்றம் பார்த்துத்தான் கப்பல் கிளம்பும், அன்று கிளம்பியது அந்திக்கு. அத்தை சென்னையில் பர்மா பஜாரில் சின்னதாக ஒரு கடை போட்டு, கடைசி வரை அங்கேயே இருந்தார். எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி இருக்கும்: கப்பல் திரும்பும்போது கரையில் நின்ற நீங்கள் எல்லாம் மறைந்தீர்கள், கட்டடம் மறைந்தது, ஷ்வேடகோன் மட்டும் மறையவில்லை, நான் தூங்குகிற வரை தெரிந்தது என்று. எவ்வளவு நேரம் தெரிந்திருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தோன்றவில்லை.

ஆற்றிலிருந்து, இரவில், அது எப்படித் தெரியும் என்று நான் பார்த்ததே இல்லை. இப்போது படி இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். யாராவது எடுத்துப் போட முடியுமா?

மொகல்தெரு
ஞாயிறு, இரவு 9:42

தாத்தா, நாளைக்கே போகிறேன்.

மொகல்தெரு
செவ்வாய், இரவு 8:15

தாத்தா, நேற்று ஐந்து மணிக்குப் பன்சோடான் துறையில் அக்கரை டல்லாவுக்குப் போகிற படகு ஏறினேன். குளிர்காலம், கடற்காக்கைகள் வந்துவிட்டன. பயணிகள் தீனியைத் தூக்கிப் போட, தலைக்கு மேலே நூறு பறவை. ஆற்றைக் கடக்கப் பத்து நிமிடம்தான் ஆகிறது, அதனால் டல்லாக் கரையில் இறங்கித் தேநீர் குடித்து, இருட்டத் தொடங்கியதும் அடுத்த படகில் திரும்பினேன்.

ஸ்டூடியோ ஐயா சொன்ன நிதானமெல்லாம் படகில் நடக்காது. எஞ்சின் அதிர்வில் ட்ரைபாடு பயன்படவில்லை. கம்பியில் முதுகைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, ஐ.எஸ்.ஓ 6400, ஷட்டர் 1/60. நாற்பது படம் எடுத்ததில் மூன்றுதான் தேறியது. அதில் ஒன்றை இங்கே போட்டிருக்கிறேன். புள்ளி புள்ளியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரையோரக் கட்டடங்களில் பாதி இருட்டு. அந்த வட்டாரத்தில் அந்த நேரம் மின்சாரம் இல்லை. துறைமுகத்தில் சில விளக்குகள், ஜெனரேட்டர் ஓடுகிற ஒரு கட்டடத்தில் நான்கைந்து சன்னல். நதி கறுப்பாக இருக்கிறது. இரண்டு உயரக் கட்டடங்களுக்கு நடுவே, சற்று இடதுபக்கம், கீற்றுப் போல ஷ்வேடகோன். முழுதாகத் தெரியவில்லை தாத்தா. 64-இல் அந்தக் கட்டடங்கள் இருந்திருக்காது, அத்தைக்கு முழுதாகத் தெரிந்திருக்கும். படகு நகர நகர அந்தக் கீற்று அகலமாகி, ஒரு கணம் தோள் வரை தெரிந்து, மறுபடி மெலிந்தது. நான் எடுத்தது அந்த ஒரு கணம்.

படகு கரையை நெருங்கும்போது மின்சாரம் வந்துவிட்டது. தண்ணீரின் மேல் இருந்தும் அந்தச் சத்தம் கேட்டது அக்கா, "மீ லா பீ!" என்று ஊரே கத்தியது. சன்னல்கள் ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாக எரிந்தன. படகில் இருந்தவர்களும் கத்தினார்கள், நானும் கத்தினேன். கேமராவைத் தூக்க மறந்துவிட்டேன்.

பழைய ரங்கூன்
செவ்வாய், இரவு 9:05

பேரன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பார்த்தேன் தம்பி. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதைக் காகிதத்தில் அச்சுப் போட்டுத் தர முடியுமா? அத்தை படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

ஸ்டூடியோக்காரர்
செவ்வாய், இரவு 9:20

ஐயா, அச்சு என் பொறுப்பு. பழைய இயந்திரம் இன்னும் ஓடுகிறது, காகிதமும் கொஞ்சம் இருக்கிறது. தம்பி, மூலப் படத்தை அப்படியே அனுப்பு, எதையும் திருத்தாதே. மின்சாரம் இருக்கிற நேரம் பார்த்துப் போட்டு வைக்கிறேன்.